எச்சில் ஃபயர்வால் இல்லை: என் பழைய பதிவுக்கு நானே எழுதும் மறுப்பு

மூன்று வருஷத்துக்கு முன்னால் 'வெள்ளாட்டின் ஃபயர்வால்' என்று ஒரு பதிவு எழுதினேன். இந்த வலைப்பதிவில் அதிகம் பகிரப்பட்டது அதுதான். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் கூடச் சுற்றியது. அதை இப்போது திரும்பப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. நடை ஒன்றும் மோசமில்லை, சொன்ன விஷயம்தான் தப்பு.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். கருவேலங்காய், வாகை, வேலம் தழை இவற்றிலெல்லாம் டானின் அதிகம். டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தின்ற தீவனத்தின் புரதம் உடம்பில் சேராமல் போகும். புல் மேயும் மாட்டுக்கும் செம்மறிக்கும் இது ஆகாது, தழை கடிக்கும் வெள்ளாட்டுக்கு ஆகும். ஏன்? வெள்ளாட்டின் எச்சிலில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன. அவை டானினை வாயிலேயே மடக்கிவிடுகின்றன. வயிற்றுக்குள் போகும்போது டானினுக்குப் பல் பிடுங்கியாகிவிடும். சர்வருக்கு முன்னால் ஃபயர்வால் மாதிரி. இதுதான் பதிவு. அழகான கதை, ஒரே ஒரு காரணம், ஒரு கம்ப்யூட்டர் உவமை. பகிரப்படாமல் இருக்குமா?

என் சித்தப்பா திருவெள்ளறையில் இருக்கிறார். திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில், மண்ணச்சநல்லூர் தாண்டி. பெருமாள் கோயிலும் ஸ்வஸ்திக வடிவக் கிணறும் பார்க்க வருகிறவர்கள் அந்த ஊரை அறிவார்கள். அவரிடம் இருபது சொச்சம் வெள்ளாடு, கொஞ்சம் திருச்சி கருப்புச் செம்மறி. என் பதிவைப் படித்தபின் அவர் ஆறு வெள்ளாட்டங்குட்டிகள் வாங்கினார். கொட்டிலிலேயே அடர்தீவனமும் பசும்புல்லும் போட்டு வளர்த்த குட்டிகள், பார்க்க மொழுமொழுவென்று இருந்தன. பங்குனியில் கருவேலங்காய் பழுத்து விழ ஆரம்பித்ததும் அதையே வாரிப் போட்டார். தீவனச் செலவு மிச்சம். "வெள்ளாடுதானே, அதன் எச்சில் பார்த்துக்கும்னு நீதானே எழுதியிருந்தே" என்றார் பிற்பாடு. குற்றம் சாட்டும் குரலில் இல்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நாலைந்து நாளில் குட்டிகள் தீனி எடுப்பதைக் குறைத்தன. புழுக்கை கல் மாதிரி ஆனது. ஒன்று செத்தது. காயை நிறுத்தி, பசுந்தழை கொடுத்ததும் மற்றவை தேறின. செத்த குட்டியை அறுத்துப் பார்க்கவில்லை, அதனால் டானின்தான் கொன்றது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதே பங்குனியில், அதே மரத்தடியில், அவருடைய பழைய ஆடுகள் அதே காயைத் தின்று அசை போட்டுக்கொண்டு சும்மா படுத்திருந்தன.

எல்லாமே வெள்ளாடு. எல்லாவற்றுக்கும் அதே எச்சில். என் ஃபயர்வால் ஆறு குட்டிகளுக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

இந்தக் கேள்விதான் என்னை மறுபடி ஆய்வுக் கட்டுரைகளுக்குள் தள்ளியது. முதல் தடவை நான் செய்த தப்பு என்ன என்பது சீக்கிரமே தெரிந்தது. எலியில் கண்டதையும் மானில் கண்டதையும் வெள்ளாட்டில் கண்டதாக எழுதியிருக்கிறேன்.

எலிக் கதை உண்மையானது. 1983-ல் மெஹான்ஷோ, ஹேகர்மன், பட்லர், கார்ல்சன் முதலியோர் எலிகளுக்கு டானின் அதிகமுள்ள சோளத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றே நாளில் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி சுமார் 3 மடங்கு பெருத்தது. புரோலின் மிகுந்த புரதங்கள் சுமார் 12 மடங்கு கூடின. இளம் எலிகள் முதலில் எடை குறைந்து, இந்தப் புரதம் ஊறியதும் வளர ஆரம்பித்தன. ஹாம்ஸ்டர் என்ற இன்னொரு கொறிப்பிராணிக்கு இதே தீவனத்தைப் போட்டபோது புரதம் ஊறவில்லை, வளரவும் இல்லை. இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது. எலியைப் பொறுத்தவரை என் ஃபயர்வால் உவமை அப்படியே பொருந்தும்.

ஏன் புரோலின்? சாதாரணப் புரதங்கள் நூல்கண்டு மாதிரி இறுக்கமாகச் சுருண்டிருக்கும். புரோலின் மிகுந்தவை அப்படிச் சுருள முடியாமல் அவிழ்ந்த நூலாகக் கிடக்கும். டானின் மூலக்கூறு வந்து ஒட்ட இடம் தாராளம். ஹேகர்மனும் பட்லரும் 1981-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். திருச்சிக்காரர்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். செம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் தொழில் இருந்தது தெரியுமல்லவா? ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய் எல்லாம் தோல் பதனிட நம் ஊரில் பயன்பட்டவை. பட்டையிலுள்ள டானின் தோலிலுள்ள கொலாஜனைப் பிடிக்கிறது, கொலாஜனும் புரோலின் நிறைந்த புரதம்தான். பாக்கை மெல்லும்போது நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்பும் இதேதான்: நம் எச்சிலின் வழவழப்புப் புரதங்கள் டானினோடு சேர்ந்து திரிந்துபோவதால் வரும் வறட்சி. நாம் அறுசுவையில் ஒன்றாக வைத்த துவர்ப்பை மேற்கத்திய ஆய்வாளர்கள் பலர் சுவைக் கணக்கிலேயே சேர்க்காமல் தொடு உணர்ச்சி என்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் இப்போது போக வேண்டாம். மனிதனின் கன்னத்துச் சுரப்பி எச்சிலில் உள்ள புரதத்தில் சுமார் 70 சதவீதம் இந்த வகைதான். பாக்கு போட்டாலும் போடாவிட்டாலும் ஊறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது மான். 1989-ல் ஆஸ்டின், ராபின்ஸ், ஹேகர்மன் குழு வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடும்: மானின் எச்சிலில் டானினைப் பிடிக்கும் புரதம் உண்டு, செம்மறியிலும் மாட்டிலும் இல்லை. அதே 1989-ல் ஹாஃப்மன் அசை போடும் விலங்குகளை மூன்றாகப் பிரித்து எழுதிய பெரிய கட்டுரையும் வந்தது. ஒரு முனையில் புல் மேய்பவை, மறு முனையில் தழையும் மொக்கும் பொறுக்கித் தின்பவை, நடுவில் இரண்டும் செய்பவை. தழை தின்பவற்றுக்கு உமிழ்நீர்ச் சுரப்பி பெரிது என்பது அதில் ஒரு முக்கியமான கவனிப்பு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மனசு தானாக ஒரு கோடு போடுகிறது: தழை தின்பவை, பெரிய சுரப்பி, சிறப்புப் புரதம், டானின் பயம் இல்லை. வெள்ளாடு தழை தின்கிறது, ஆகவே...

அந்த 'ஆகவே'தான் என் பதிவு. ஹாஃப்மன் வெள்ளாட்டை நடு வகையில்தான் வைத்திருந்தார் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. சுரப்பி பெரிதாக இருந்தால் அதில் ஊறுவது டானினைப் பிடிக்கும் புரதம்தான் என்பதற்கு அத்தாட்சியும் இல்லை. 1995-ல் ராபின்ஸே இரண்டு பேரோடு சேர்ந்து, உடலமைப்பை வைத்துச் சொல்லும் இந்த மேய்ச்சல், தழை விளக்கங்கள் செல்லுமா என்று கேள்வி கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். மானின் எச்சிலில் புரதம் கண்ட குழுவில் இருந்த அதே ராபின்ஸ். நான் 1989-ஓடு படிப்பை நிறுத்தியிருக்கிறேன்.

திருவெள்ளறைக் கிணறு பல்லவன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில் முடிந்தது, வெட்டியவர் கம்பன் அரையன் என்று கல்வெட்டு சொல்கிறது. நாலு பக்கமும் படிகள் இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு திருப்பம் திரும்பும். ஒரு துறையில் நிற்கிறவருக்கு அடுத்த துறையில் இருக்கிறவர் தெரியாது, தண்ணீர் மட்டும் ஒன்று. எலிக்காரர்கள், மான்காரர்கள், ஆட்டுக்காரர்கள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகம் வந்தது. (சித்தப்பாவிடம் சொன்னேன். "கிணத்தப் பத்தி அப்புறம் பேசலாம், ஆட்டப் பத்திச் சொல்லு" என்றார். நியாயம்தான்.)

சரி, வெள்ளாட்டின் எச்சிலையே பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? போர்ச்சுகலில் எல்சா லாமியும் உடன் பணியாற்றுபவர்களும் செம்மறி, வெள்ளாடு இரண்டின் எச்சில் புரதங்களையும் பிரித்து ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி இல்லை. டானின் சேர்த்த தீவனம் கொடுத்தால் சில புரதங்களின் அளவு மாறவும் செய்கிறது. ஆக எச்சில் சும்மா இருக்கவில்லை. ஆனால் எலியில் கண்ட அந்த வெள்ளப்பெருக்கு இங்கே இல்லை. 2010-ல் இஸ்ரேலிலிருந்து ஹனோவிஸ்-சியோனி, லண்டாவ், பெரெவோலோட்ஸ்கி குழுவின் கட்டுரை நேரடியாகவே சொல்லிவிட்டது: மத்தியதரைக் கடல் பகுதி வெள்ளாடுகளில் டானினுக்கு எதிரான பாதுகாப்பில் எச்சில் புரதங்கள் பிடித்துக்கொள்வதற்குப் பெரிய பங்கு இல்லை.

நம் கன்னி ஆட்டிலும் கொடி ஆட்டிலும் அப்படியே இருக்குமா என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. அதற்கு விடை அந்த ஆடுகளின் எச்சிலில்தான் கிடைக்கும், என் பதிவில் கிடைக்காது. ஆனால் எச்சிலைத் தொடாமலே என் வாதத்தை உடைக்கும் ஒரு சோதனை முன்பே இருந்தது. பாலிஎதிலீன் கிளைகால் என்று ஒரு பொருள். டானினை அது இறுகப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. 1990-களில் இஸ்ரேலில் சிலனிகோவ் குழு டானின் மிகுந்த இலைகளைத் தின்னும் வெள்ளாடுகளுக்கு இதைக் கொடுத்தது. ஆடுகள் அந்த இலையைக் கூடுதலாகத் தின்றன. யோசித்துப் பாருங்கள். எச்சிலே டானினை முழுதாகப் பிடித்திருந்தால், வெளியிலிருந்து இன்னொரு பிடிப்பான் கொடுத்து என்ன பயன்? ஒரு பேட்ச் போட்டதும் சர்வர் வேகமானால், பிரச்சினை அதுவரை தீராமல் இருந்தது என்றுதானே அர்த்தம். இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது உறைக்காமல் போனதற்கு அந்த உவமையின் போதையைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

உவமை இன்னொரு விதத்திலும் ஏமாற்றியது. ஃபயர்வால் என்றால் வெளியே நிற்பவன் எதிரி. டானின் எப்போதும் எதிரியில்லை. தீவனத்தின் உலர் எடையில் 100-க்கு 2 முதல் 4 பங்கு அளவில் இருந்தால் அது உதவுகிறது: முதல் வயிற்றில் புரதத்தைப் பிடித்து நுண்ணுயிர்கள் வீணடிக்காமல் காக்கிறது, பிறகு அமிலம் மிகுந்த நாலாம் வயிற்றில் விட்டுவிடுகிறது. வயிறு உப்புவதும் குறையும். 5 பங்குக்கு மேல் போகும்போதுதான் தீனி எடுப்பு குறைவதும் செரிமானக் கோளாறும் வரும். டானின் முழுவதையும் வாயிலேயே மடக்கிவிடும் ஆடு இந்த லாபத்தையும் இழக்கும். அதோடு, பிடித்த புரதம் டானினோடு புழுக்கையில் வெளியே போய்விட்டால் நைட்ரஜன் நஷ்டம். கோடையில் புரதத்துக்கே திண்டாடும் பிராணி எச்சிலில் புரதத்தை அள்ளி இறைக்குமா?

உண்மையில் அசை போடும் விலங்கின் எச்சில் செய்யும் பெரிய வேலை வேறு. ஒரு பசுமாடு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறவிடுகிறது. அதில் பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் நிறைய, வயிற்றின் புளிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று யூரியா. சிறுநீரில் போக வேண்டிய யூரியாவின் ஒரு பகுதி எச்சில் வழியாகத் திரும்ப முதல் வயிற்றுக்கு வருகிறது, அங்கே நுண்ணுயிர்கள் அதை வைத்துப் புரதம் செய்கின்றன. காய்ந்த புல்லை வைத்துச் சித்திரையை ஓட்டும் நம் ஆடுமாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! இதைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரி இல்லை. இதற்குக் கவர்ச்சியான உவமை கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை.

அப்படியானால் சித்தப்பாவின் பழைய ஆடுகள் எப்படிச் சமாளித்தன? இதற்கு ஒரே விடை கிடையாது. எனக்கு மிகவும் பொருத்தமாகத் தெரிவது 1991-ல் டிஸ்டெலும் ப்ரொவென்ஸாவும் அமெரிக்காவில் செய்தது. பிளாக்பிரஷ் என்ற டானின் நிறைந்த புதரைக் குட்டிப் பருவத்திலேயே தின்று பழகிய வெள்ளாடுகளும் பழகாதவையும் பிற்பாடு ஒரே புதரிடம் விடப்பட்டன. பழகியவை அதிகம் தின்றன. அவற்றின் முதல் வயிறும் பெரிதாக வளர்ந்திருந்தது. இனம் ஒன்று, வளர்ப்பு வேறு. கொட்டில் குட்டிகளுக்கும் கிராமத்து ஆடுகளுக்கும் இருந்த வித்தியாசம் இதைத் தாண்டி என்ன?

வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் இன்னொரு பக்கம். ஆஸ்திரேலியாவில் வேல மரத் தழை தின்னும் காட்டாடுகளின் வயிற்றிலிருந்து டானினைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவை ப்ரூக்கர் குழு பிரித்தெடுத்து 1994-ல் பெயரிட்டது. டானினை விட்டு வேறு நஞ்சுக்குப் போனால் இதைவிட நல்ல கதை ஒன்று உண்டு. சவுண்டல், சூபாபுல் என்று நாம் வேலியோரம் வளர்க்கும் மரத்தில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆஸ்திரேலிய மாடுகளுக்கு அதனால் முடி கொட்டியது, தைராய்டு வீங்கியது. ஹவாய்த் தீவின் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை ரேமண்ட் ஜோன்ஸ் கவனித்தார். ஹவாய் ஆடுகளின் வயிற்று நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது, 1986-ல் வெளியிட்டார்கள். 1992-ல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து வைத்தார்கள். எச்சில் மாறவில்லை, ஆடு மாறவில்லை, மாடு ஆடாகவும் ஆகவில்லை. உள்ளே குடியிருப்பவர்கள் மாறினார்கள்.

எச்சில் புரதம் எல்லா நஞ்சுக்கும் மருந்து என்ற தொனியும் என் பதிவில் இருந்தது. அதையும் திரும்பப் பெறுகிறேன். அது பிடிப்பது டானினை. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சாவது சயனைடால், அங்கே புரோலினுக்கு வேலையில்லை. வெள்ளாடு எதையும் தின்னும் என்று நாம் சொன்னாலும் தமிழ் அப்படிச் சொல்லவில்லை: ஆடுதொடா என்று ஒரு செடிக்குப் பெயர், ஆடுதின்னாப்பாளை என்று இன்னொன்றுக்கு. வாயை வைக்காமல் இருப்பதும் ஒரு தற்காப்புதான். சித்தப்பாவின் ஆடுகளை ஒரு காலை முழுதும் பின்தொடர்ந்தேன். எந்த மரத்திலும் நிலையாக நிற்கவில்லை. வேலத்தில் நாலு வாய், இலந்தையில் இரண்டு, கீழே புல், மறுபடி வேம்பு. "வெள்ளாடு கொறிக்கும், செம்மறி மேயும்" என்றார் சித்தப்பா. அந்தக் கொறிப்பில் எந்தத் தழையும் தனியாக அளவு மீறுவதில்லை. கொட்டிலில் காயை மட்டும் குவித்துப் போட்டால் கொறிக்க வேறெதுவும் இல்லை.

கடைசியாக அந்த இருமை. புல் மேய்பவை, தழை கடிப்பவை என்று நான் போட்ட கோட்டைக் கரூர், காங்கேயம் பக்கம் போய் யாரிடமும் காட்ட முடியாது. அங்கே கொரங்காடு என்று மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். காங்கேயம் மாடும் செம்மறியும் அங்கே புல்லும் மேயும், கோடையில் வெள்வேலங்காயும் தின்னும். 1989 கட்டுரைப்படி அவற்றின் எச்சிலில் டானினைப் பிடிக்கும் புரதம் இல்லை. இல்லாமலேதான் தலைமுறை தலைமுறையாகக் காய் தின்றுகொண்டிருக்கின்றன. சித்தப்பாவின் திருச்சி கருப்புச் செம்மறிகளும் கருவேலங்காய் பொறுக்கின. "செம்மறி தயங்கும்" என்று நான் எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "யார் சொன்னா?" என்றார்.

பழைய பதிவை அழிக்கவில்லை. மேலே இந்தப் பதிவுக்கு ஒரு இணைப்பும், 'கொட்டில் குட்டிகளுக்குக் கருவேலங்காயை வாரிப் போடாதீர்கள், மற்ற தழையோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்' என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். மிச்சமிருந்த ஐந்து குட்டிகளையும் சித்தப்பா பழைய ஆடுகளோடு காட்டுக்கு அனுப்புகிறார். அவை பெரிய ஆடுகளின் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் எதையும் கடிக்கின்றன. அடுத்த பங்குனியில் காய் விழும்போது வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.